அழிக்காமல் விட்ட பக்கம்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்லை, நான் மட்டும்தான். விஷயம் கொஞ்சம் டெக்னிக்கல். ஆனா கோடிங் தெரியாதவங்களும் தாராளமா கேட்கலாம், ஏன்னா இது நம்ம எல்லாரோட போன் நம்பர் சம்பந்தப்பட்ட கதை.

சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு டெலிவரி கம்பெனியில வேலை பார்த்தேன். பேர் வேண்டாம். ஆப் ரொம்ப ஸ்லோன்னு புகார் வந்துகிட்டே இருந்தது. ஒவ்வொரு ஆர்டருக்கும் மெமரியில புதுசா இடம் எடுக்கிறதுக்குப் பதிலா, முடிஞ்சுபோன ஆர்டரோட இடத்தையே அடுத்த ஆர்டருக்குக் கொடுக்கிற மாதிரி நான் மாத்தினேன். வேகம் கூடிச்சு. டெஸ்ட் எல்லாம் பாஸ். டீம்ல கைதட்டினாங்க.

ரெண்டு வாரம் கழிச்சு, கஸ்டமர் கேர்ல பதிவான ஒரு காலைக் கேட்கச் சொன்னாங்க. அதுல ஒரு பெண் கேட்கிறாங்க: "என் நம்பர் அந்த ஆளுக்கு எப்படிங்க கிடைச்சது?"

நடந்தது இதுதான். ஆர்டர் பண்ணும்போது இன்னொரு போன் நம்பர் கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். அவங்க கொடுத்திருந்தாங்க. மெமரியில அதே இடம் அடுத்து ஒருத்தருக்குப் போச்சு. அவர் அந்தக் கட்டத்தைக் காலியா விட்டார். பழையதை நான் அழிக்கவே இல்லை. அதனால அவரோட பில்லில் இவங்க நம்பர் வந்துடுச்சு. அவர் அந்த நம்பருக்குப் போன் பண்ணியிருக்கார். ஒரு தடவை மட்டும் இல்லை.

அன்னைக்கு ராத்திரியே ஒரு வரி சேர்த்துச் சரி பண்ணிட்டேன். ஆனா டெஸ்ட் எல்லாம் பாஸான பிறகும் இது எப்படி நடந்ததுங்கிற கேள்வி என்னை விடலை. அதுக்கான பதில் எதிர்பாராத ஒரு இடத்துல கிடைச்சது: அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழகம் நடத்துற 6.1810 என்கிற ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்துல.

பாடக் குறிப்பு, வீட்டுப்பாடம் எல்லாம் இணையத்துல இலவசம். 2020-ல எடுத்த வகுப்புகளோட வீடியோவும் இருக்கு. இதுல படிக்கிற சிஸ்டத்துக்குப் பேர் எக்ஸ்வி6. 1975-ல வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்போட அமைப்பைப் பின்பற்றி, மாணவர்களுக்காக எழுதின குட்டி ஆபரேட்டிங் சிஸ்டம். ஒருத்தர் உட்கார்ந்து முழுசாப் படிச்சு முடிக்கிற அளவுதான்.

நடத்துறவங்கள்ல ஒருத்தர் ராபர்ட் மோரிஸ். பேர் கேட்ட மாதிரி இருக்கா? 1988 நவம்பர் 2-ம் தேதி இன்டர்நெட்டையே திணறடிச்ச 'மோரிஸ் வோர்ம்' இவர் மாணவரா இருந்தப்ப எழுதினதுதான். அது உள்ளே நுழைஞ்ச வழிகள்ல ஒன்னு, 'ஃபிங்கர்'னு ஒரு சேவை. வர்ற செய்திக்கு 512 பைட் இடம் ஒதுக்கிட்டு, வர்றது அதைவிட நீளமான்னு பார்க்காம விட்ட புரோகிராம் அது. 1986-ல வந்த அமெரிக்கக் கணினி மோசடிச் சட்டத்துல இவர் தண்டிக்கப்பட்டார். ஜெயில் இல்லை; மூணு வருஷக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, அபராதம். அவரேதான் இன்னைக்கு எம்ஐடி பேராசிரியரா, வெளியில இருந்து வர்ற எதையும் கெர்னல் அப்படியே நம்பக்கூடாதுன்னு பாடம் எடுக்கிறார்.

கெர்னல்னா ஆபரேட்டிங் சிஸ்டத்தோட உள் மையம். மெமரியை யாருக்கு எவ்வளவுன்னு பிரிச்சுக் கொடுக்கிறது அதுதான். 4096 பைட் கொண்ட 'பக்கம்' கணக்குல கொடுக்கும். புரோகிராம் முடிஞ்சதும் பக்கத்தைத் திரும்ப வாங்கி, அடுத்த புரோகிராமுக்குக் கொடுக்கும்.

இப்போ 2024 பதிப்புல இருக்கிற ஒரு வீட்டுப்பாடத்துக்கு வர்றேன். எக்ஸ்வி6-ல வேணும்னே மூணே மூணு வரியை எடுத்துட்டாங்க. மூணும் பக்கத்துல இருக்கிற பழைய தகவலை அழிக்கிற வரிகள். பிறகு ஒரு புரோகிராம் எட்டு எழுத்து ரகசியம் ஒன்னை மெமரியில எழுதிட்டு முடிஞ்சுபோகும். அடுத்து ஓடுற நம்ம புரோகிராம் அந்த ரகசியத்தைக் கண்டுபிடிக்கணும்.

வாடகை வீடு மாதிரி யோசிங்க. காலி பண்ணிட்டுப் போனவங்க பரண் மேல டிரங்க் பெட்டியை விட்டுட்டுப் போயிட்டாங்க. ஓனர் பார்க்காமலே அடுத்தவருக்குச் சாவி கொடுத்துட்டார். புதுசா வந்தவர் பூட்டை உடைக்கலை, சுவர் ஏறிக் குதிக்கலை. பரண் மேல ஏறிப் பார்த்தார், அவ்வளவுதான்.

நான் எழுதின புரோகிராமும் அதைத்தான் செஞ்சது. மெமரி கேட்டுச்சு, கிடைச்ச பக்கங்களைப் படிச்சுது. சில வரிகள்ல ரகசியம் ஸ்க்ரீன்ல வந்து நின்னது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துகிட்டிருந்தேன். அது என்னோட டெலிவரி ஆப் பக் அப்படியே!

முக்கியமான விஷயம், அந்த மூணு வரி இல்லாமலும் எக்ஸ்வி6 நல்லா ஓடும். ஏன்னா நாம எழுதுற டெஸ்ட் பெரும்பாலும் "கேட்டது கிடைச்சதா?"ன்னுதான் பார்க்குது. பாதுகாப்பு கேட்கிற கேள்வியோ "கிடைக்கக்கூடாதது கிடைக்குதா?" என்கிறது. கிடைக்கக்கூடாததுக்கு லிஸ்ட் போட்டா முடியவே முடியாது. அதனால அதை டெஸ்ட்டால மட்டும் பிடிக்க முடியாது, டிசைன்லயே அடைக்கணும்.

அதே வீட்டுப்பாடத்துல கடைசியா ஒரு கேள்வி வரும். ரகசியம் பக்கத்தோட ஆரம்பத்துல இருந்து 32 பைட் தள்ளி இருக்கு. அந்த 32-ஐ 0 ஆக்கினா நம்ம தாக்குதல் பலிக்காது. ஏன்? ஒரு சாயங்காலம் முழுக்க மண்டையை உடைச்சுக்கிட்டேன். காலிப் பக்கங்களை கெர்னல் சங்கிலி மாதிரி கோத்து வைக்குது. ஒவ்வொரு காலிப் பக்கத்தோட முதல் எட்டு பைட்ல அடுத்த காலிப் பக்கத்தோட முகவரியை எழுதுது. ரகசியம் சரியா அங்கேயே இருந்தா அதுமேல முகவரி விழுந்து அழிஞ்சுடும்.

அதாவது, தற்செயலா அழியுது. யாரும் பாதுகாக்கணும்னு நினைக்கலை. என் பக் ரெண்டு வாரம் வெளியே தெரியாம இருந்ததும் இப்படித்தான். நிறைய பேர் அந்தக் கட்டத்தை நிரப்பினதால பழைய நம்பர் மேல புது நம்பர் விழுந்து மறைஞ்சுகிட்டே இருந்தது. காலியா விட்ட ஒருத்தர்கிட்ட மாட்டிச்சு.

1975-ல சால்ட்ஸர், ஷ்ரோடர் ரெண்டு பேரும் எழுதின ஒரு கட்டுரை இந்தத் துறையில இன்னைக்கும் படிக்கிற ஒன்னு. பாதுகாப்பான சிஸ்டத்துக்கு எட்டு கொள்கை சொல்றாங்க. அதுல ஒன்னை என் பாஷையில சொல்றேன்: யாரும் எதுவும் செய்யலைன்னா, கதவு பூட்டியே இருக்கணும். யாராவது மெனக்கெட்டுத் திறந்தாத்தான் திறக்கணும்.

என் டிசைன் இதுக்கு நேர்மாறு. எல்லாரும் எல்லாக் கட்டத்தையும் நிரப்பினாத்தான் பத்திரம். எக்ஸ்வி6-ல அப்படி இல்லை. புரோகிராமுக்குப் பக்கம் கொடுக்கிற இடம் ஒன்னு. அங்கேயே அழிச்சுட்டுக் கொடுக்குது. போறவன் துடைச்சுட்டுப் போவான்னு நம்பலை.

அழிக்கிறதுக்கு நேரம் ஆகும், அது உண்மை. லினக்ஸே 2019-ல 5.3 பதிப்புலதான், கெர்னல் தனக்காக எடுக்கிற மெமரியையும் முன்கூட்டியே அழிக்கச் சொல்ற ஒரு வசதியைச் சேர்த்தது. கொஞ்சம் வேகம் குறையும், வேணும்னா போட்டுக்கோங்கன்னு கொடுத்தாங்க. நானும் வேகத்துக்காகத்தான் பண்ணினேன். நான் மிச்சம் பிடிச்ச மில்லிசெகண்டுக்கு விலை கொடுத்தது அந்தப் பெண்.

அவங்ககிட்ட கம்பெனி சார்பா மன்னிப்பு கேட்டாங்க. என்ன நடந்ததுன்னு முழுசாச் சொன்னாங்களான்னு நான் கேட்கலை. கேட்டிருக்கணும். இப்போ ஜூனியர்ஸோட கோடை ரிவியூ பண்ணும்போது "வேலை செய்யுதா?"க்கு அடுத்து நான் கேட்கிற கேள்வி: "இது யார் இருந்த இடம்? துடைச்சது யாரு?"

உங்கள்ல யாராவது காலேஜ்ல இருந்தா, சி மொழி கொஞ்சம் தெரிஞ்சா, இந்தப் பாடத்தைத் தைரியமா எடுங்க. இந்திய வகுப்பு வேணும்னா, என்பிடெல்ல ஐஐடி மெட்ராஸோட ஆபரேட்டிங் சிஸ்டம் பாடமும் எக்ஸ்வி6-ஐ வச்சுத்தான் நடக்குது. ரகசியம் ஸ்க்ரீன்ல வந்ததும் எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.