இரண்டாவது மானிட்டர் வாங்கும் முன்

2007 முதல் டெல் கம்ப்யூட்டர் தொழிற்சாலை இயங்கும் ஸ்ரீபெரும்புதூர்க்காரர்கள் நாம். விலை குறைந்த லேப்டாப்பில் இரண்டு மானிட்டர் மாட்டலாமா என்று பலர் கேட்கிறீர்கள். மாட்டலாம்.

முதல் மானிட்டருக்கு எச்டிஎம்ஐ போர்ட் போதும். அதில் ஸ்ப்ளிட்டர் போட்டால் ஒரே படம்தான் இரண்டிலும் தெரியும்.

இரண்டாவதுக்கு டைப்-சி போர்ட். மாடல் விவரத்தில் அந்தப் போர்ட்டுக்கு 'டிஸ்ப்ளேபோர்ட்' வசதி உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் சாதாரண அடாப்டரில் படம் வராது, காசு வீண். 'டிஸ்ப்ளேலிங்க்' சிப் உள்ள அடாப்டர் யுஎஸ்பி 3 போர்ட்டிலேயே வேலை செய்யும். அதற்குத் தனி சாஃப்ட்வேர் தேவை; ஆபீஸ் லேப்டாப் என்றால் அனுமதி கேளுங்கள். எக்ஸெல் வேலைக்கு நன்று, கேமுக்குச் சரிப்படாது.

பேங்கில் கையெழுத்தைச் சரிபார்த்த பிறகுதான் செக் பாஸாகும். இங்கேயும் போர்ட்டைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.