வால் நட்சத்திரம் கண்ட கரோலின்

 

எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டீர்கள். கையெழுத்துப் போடவும் வந்துவிட்டது. "இதற்கு மேல் எதற்குப் படிப்பு? இந்த வயதில் படித்து என்ன ஆகப் போகிறது?" என்று வீட்டில் கேட்கிறார்கள். சிலருக்குத் தங்கள் மனத்திலேயே அந்தக் கேள்வி இருக்கிறது.

அதற்கு ஒரு பெண்ணின் வாழ்க்கை பதில் சொல்கிறது. அவர் பெயர் கரோலின் ஹெர்ஷல். வானத்தை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர்.

கரோலின் 1750ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் பிறந்தார். ஊர் ஹனோவர். அது இன்று ஜெர்மனி நாட்டில் இருக்கிறது. அப்பா ராணுவத்தில் வாத்தியம் வாசிப்பவர். வீட்டில் பிள்ளைகள் பலர். பெரிய வசதி இல்லை.

பத்து வயதில் கரோலினுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் வளர்ச்சி நின்றுவிட்டது. அதன் பிறகு அவர் உயரம் நாலேகால் அடியைத் தாண்டவில்லை. இவளுக்குக் கல்யாணம் நடக்காது, வீட்டு வேலைக்கு ஆகட்டும் என்று வீட்டார் நினைத்தார்கள்.

பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றிருந்தார். பெண்ணுக்கு அதுவே போதும் என்பது அம்மாவின் எண்ணம். அப்பாவுக்கோ மகளைப் படிக்க வைக்க ஆசை. அம்மா இல்லாத நேரம் பார்த்து அவர் சொல்லிக் கொடுப்பார். ஒரு குளிர்கால இரவில் மகளைத் தெருவுக்கு அழைத்துப்போய் நட்சத்திரக் கூட்டங்களைக் காட்டினார். அந்த அப்பா 1767இல் இறந்துவிட்டார். பிறகு கரோலினுக்குச் சமையலும் துணி தைப்பதும் காலுறை பின்னுவதுமே வாழ்க்கை ஆயிற்று.

வழி திறந்தது 22ஆம் வயதில். அண்ணன் வில்லியம் இங்கிலாந்தில் பாத் என்ற ஊரில் இசை ஆசிரியராக இருந்தார். தங்கையைத் தன்னோடு அழைத்துப்போக 1772இல் வந்தார். அம்மா எளிதில் விடவில்லை. தங்கை செய்த வேலைக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்ளப் பணம் தருவதாக அண்ணன் ஒப்புக்கொண்டார். அதன் பிறகே கரோலின் புறப்பட முடிந்தது.

புது நாடு. புது மொழி. காலை உணவு வேளையில் அண்ணன் ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக் கொடுத்தார். கரோலினுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு கடைசிவரை மனப்பாடம் ஆகவில்லை. அதற்காகக் கணக்கை விட்டுவிட்டாரா? இல்லை. வாய்ப்பாட்டை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்துப் பார்த்தே ஆயிரக்கணக்கான கணக்குகளைப் போட்டார்.

வில்லியமுக்கு வானத்தின் மேல் பெரும் ஆர்வம். தொலைநோக்கிகளைத் தாமே செய்தார். அதற்கான கண்ணாடியை மணிக்கணக்காகக் கை எடுக்காமல் தேய்க்க வேண்டும். அப்போது கரோலின்தான் அண்ணனுக்கு உணவை வாயில் ஊட்டுவார். 1781 மார்ச் 13 அன்று வில்லியம் ஒரு புதிய கோளைக் கண்டுபிடித்தார். அதுதான் யுரேனஸ். அரசர் அவருக்கு ஆண்டுப் பணம் கொடுத்தார். வில்லியம் இசைத் தொழிலை விட்டு வான ஆராய்ச்சியில் இறங்கினார்.

இரவு முழுவதும் வேலை நடக்கும். அண்ணன் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்வார். தங்கை கடிகாரத்தைப் பார்த்து, நேரத்தோடு குறித்துக்கொள்வார். பகலில் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, சுத்தமாக எழுதி வைப்பார். 1783ஆம் ஆண்டின் கடைசி நாள். தரையெங்கும் பனி. இருட்டில் ஓடிய கரோலின் வழுக்கி விழுந்தார். ஓர் இரும்புக் கொக்கி தொடையில் குத்தி, சதையைப் பிய்த்துவிட்டது. காயம் ஆறியதும் மறுபடியும் வேலைக்கு வந்தார்.

1786 ஆகஸ்டு 1. அண்ணன் வெளியூர் போயிருந்தார். கரோலின் தமது சிறிய தொலைநோக்கியால் வானத்தைப் பார்த்தார். புதிதாக ஒன்று தெரிந்தது. மறுநாள் இரவும் பார்த்தார். அது இடம் மாறியிருந்தது. அது வால் நட்சத்திரம்! உடனே அறிஞர்களுக்குக் கடிதம் எழுதினார். 22 வயதுக்கு மேல் கற்ற ஆங்கிலம் அன்று கை கொடுத்தது.

வால் நட்சத்திரம் தோன்றினால் நாட்டுக்குக் கேடு என்று சிலர் பயப்படுவார்கள். அது வெறும் பயம். அது உண்மையில் நட்சத்திரமே அல்ல. பனிக்கட்டியும் தூசியும் கல்லும் சேர்ந்த உருண்டை. சூரியனைச் சுற்றி வருகிறது. சூரியனை நெருங்கும்போது பனி ஆவியாகிறது. அந்த ஆவியும் தூசியும்தான் வால் போலத் தெரிகின்றன.

1797க்குள் கரோலின் எட்டு வால் நட்சத்திரங்களைக் கண்டார். 1787இல் அரசர் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுன் சம்பளம் கொடுத்தார். அறிவியல் பணிக்காக ஒரு பெண் சம்பளம் வாங்குவது அந்த நாட்டில் அதுவே முதல் முறை. பழைய நட்சத்திரப் பட்டியல் ஒன்றையும் அவர் சரிபார்த்தார். அதில் விடுபட்டிருந்த 560 நட்சத்திரங்களைச் சேர்த்தார். அது 1798இல் அச்சாயிற்று.

1822இல் அண்ணன் இறந்தார். கரோலின் ஹனோவருக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 72. ஓய்ந்து உட்காரவில்லை. அண்ணனோடு பார்த்துக் குறித்த 2,500 வான்பொருள்களை முறையாக வரிசைப்படுத்தினார். அண்ணன் மகன் ஜானுக்கு அந்தப் பட்டியல் வழிகாட்டியது. இன்று வானியலார் பயன்படுத்தும் பெரும் பட்டியலுக்கும் இந்தக் குடும்பத்தின் உழைப்பே அடிப்படை.

1828இல் லண்டன் வானியல் சங்கம் கரோலினுக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. அதன் பிறகு வேறொரு பெண்ணுக்கு அந்தப் பதக்கம் கிடைக்க 168 ஆண்டுகள் ஆயின. 1996இல் அமெரிக்காவின் வேரா ரூபின் அதைப் பெற்றார். பெண்களுக்கு அறிவு குறைவு என்பதா இதற்குக் காரணம்? இல்லை. கதவு அடைத்திருந்தது. அதுதான் காரணம்.

கரோலின் 1848 ஜனவரி 9 அன்று, 97ஆம் வயதில் காலமானார்.

எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று நிறுத்தியிருந்தால், கரோலின் காலுறை பின்னியே காலம் கழித்திருப்பார். மறந்துபோவதை எழுதி வைத்துக்கொண்டார். தெரியாததைக் கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான் அவர் வழி.

தாய்மார்களே, இன்று இரவு வேலை முடிந்ததும் வாசலுக்கு வாருங்கள். வானத்தைப் பாருங்கள். நிலா எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் தெரிகிறது? நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். நாளையும் எழுதுங்கள். பத்து நாள் கழித்து அந்த நோட்டை மையத்துக்குக் கொண்டு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து படிக்கலாம்.