காணாத மாணவனுக்கு ஒரு பாடம்

பாடசாலை என்றால் சுவரும் கூரையும் கரும்பலகையும் வேண்டும் என்று எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொள்ளைநோய் காரணமாக இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அந்த எண்ணம் ஆட்டங்கண்டது. ஆசிரியர் ஓரிடத்திலும் மாணவர் வேறிடத்திலும் இருக்க, இணையத்தின் வழியே வகுப்புகள் நடக்கலாயின. அவ்வகுப்புகளுக்குப் பாடம் எழுதித் தருவோரின் தொழிலும் அப்போதுதான் பலர் கண்ணுக்குப் புலப்பட்டது.

இத்தொழிலைச் செய்பவர் ஒரு நிறுவனத்தின் ஊழியராயிருக்க வேண்டுமென்பதில்லை. கண்டி மாநகரில் தம் வீட்டு மேசையிலிருந்தே, ஒப்பந்தத்தின் பேரில், விஞ்ஞான பாடங்களை எழுதி அனுப்பலாம். அவற்றைப் படிக்கும் பிள்ளை அட்டனில் இருக்கலாம், தொறொன்ரோவிலும் இருக்கலாம். வகுப்பிலே ஆசிரியர் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, விளங்காததை மீண்டும் சொல்வார். எழுதுபவருக்கு அந்த முகம் தெரியாது. வானொலியிற் பேசுபவர் நேயர்களைக் காணாதது போன்ற நிலை அது. ஆதலால் அவருடைய பொறுப்பு இருமடங்காகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் என்று பாடத்தில் எழுதுவது எளிது. கடற்கரையில் வாழும் பிள்ளைக்கு அது சரி. கண்டியோ கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. மேலே செல்லச் செல்ல வளியமுக்கம் குறைவதால், இங்கே நீர் 98 பாகையைச் சற்றே தாண்டியதும் கொதித்துவிடுகிறது. 1,800 மீற்றருக்கும் மேலான நுவரெலியாவில் 94 பாகையளவே போதும். அங்கே பருப்பு வேக நேரமாகும் என்பதைத் தாய்மார் அறிவர். வெப்பமானியில் 98ஐக் காணும் பிள்ளை என்ன நினைக்கும்? தன் கண்ணை நம்புவதா, பாடத்தை நம்புவதா என்று தடுமாறும். அருகில் ஆசிரியர் இல்லாவிடின், தான் பிழை செய்ததாகவே முடிவு கட்டும். கண்ணாற் கண்டதைக் கைவிடப் பழகிய பிள்ளைக்கு விஞ்ஞானம் எங்கிருந்து வரும்? ‘கடல்மட்டத்தில்’ என்னும் ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் அத்தடுமாற்றம் நேர்ந்திராது.

சொற்களிலும் இதே இடர் உண்டு. தாவரம் தன் உணவை ஆக்கும் செயலை இலங்கை மாணவர் ஒளித்தொகுப்பு என்பர். தமிழ்நாட்டு மாணவர் ஒளிச்சேர்க்கை என்பர். இங்கே இரசாயனவியல், அங்கே வேதியியல். இங்கே ஒட்சிசன், அங்கே ஆக்சிஜன். மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1864ஆம் ஆண்டு முதல் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தபோதும் கலைச்சொல்லே பெரும் உழைப்பைக் கேட்டது. இன்றைய பாட ஆசிரியருக்குச் சொற்பஞ்சம் இல்லை. எந்தப் பிள்ளைக்கு எந்தச் சொல் என்று தேர்வதே அவர் கடமை. பரீட்சைத்தாளில் வராத சொல்லைக் கற்ற பிள்ளை, விடை தெரிந்தும் வினாவை அறியாது நிற்கும்.

கண்டிச் சுற்றுப்புறமே ஒரு விஞ்ஞானக்கூடம். 1869ஆம் ஆண்டளவில் காப்பி இலைகளில் செம்மஞ்சள் தூள் போலத் தோன்றிய ஒரு பங்கசு, காலப்போக்கில் இலங்கையின் காப்பித் தோட்டங்களையே அழித்தது. 1880இல் இங்கு வந்த மார்சல் உவார்டு பேராதனையிலிருந்து அந்நோயை ஆராய்ந்தார். ஒரே பயிரை இடைவெளியின்றிப் பரப்பியதால், காற்றிற் பறந்த வித்திகள் தடையின்றிப் பரவின என்பது தெளிவாயிற்று. இதனிடையே, 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்சு டெயிலர் பயிரிடத் தொடங்கிய தேயிலை காப்பியின் இடத்தைப் பிடித்தது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்குப் பங்கசு பற்றிய பாடத்தை இங்கிருந்தல்லவா தொடங்க வேண்டும்? அது அப்பிள்ளையின் குடும்ப வரலாறுமாகும்.

மலைச்சரிவுகளில் இணையத் தொடர்பு எங்கும் சீராகக் கிட்டுவதில்லை. ஒரு கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிரும் வீடுகளும் உண்டு. எனவே நல்ல பாடம், திரை அணைந்த பின்னும் தொடரக்கூடியதாய் இருத்தல் வேண்டும். ஒரு குவளை நீர், ஒரு தேயிலைக் கொழுந்து, சன்னலோரத்து வெயில் ஆகியவற்றைக் கொண்டு பிள்ளை தானே செய்து பார்க்க வழிகாட்ட வேண்டும். அவ்வாறு செய்து கண்டதைப் பிள்ளை நம்பத் துணியுமாயின், எங்கோ இருந்து எழுதியவர் அருகிலிருந்த ஆசிரியராகிவிடுகிறார்.