பிறையும் பூரணையும்: உயிர்த்த ஞாயிறு எந்த நாள்?

(பழைய மாணவிகள் சங்கக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வேதாகம வகுப்பிலே பிள்ளைகள் தவறாமல் கேட்கிற ஒரு கேள்வி உண்டு. கிறிஸ்மஸ் எந்த வருடமும் டிசெம்பர் 25இல் வருகிறது. உயிர்த்த ஞாயிறு மட்டும் ஏன் ஒரு வருடம் மார்ச்சிலும் இன்னொரு வருடம் ஏப்ரல் கடைசியிலும் வருகிறது? “அது சந்திரனைப் பார்த்து வைக்கிற நாள், பிள்ளை” என்று சொல்லிவிட்டு நாங்கள் பாடத்தைத் தொடர்ந்துவிடுவோம். பதில் சரிதான். ஆனால் அந்தச் சந்திரனைப் பார்த்தது யார், இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் என்ன செய்தார்கள் என்பதை நாங்கள் சொல்வதில்லை. இன்று அதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் பஸ்கா. யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தில், முதல் மாதம் 14ஆம் திகதி மாலையிலே பஸ்கா ஆட்டுக்குட்டியை அடிக்க வேண்டும் என்ற கட்டளை இருக்கிறது. எபிரெயருடைய மாதம் பிறை கண்டவுடன் தொடங்குவது. ஆகவே 14ஆம் நாள் முடிந்து வருகிற இரவு ஏறக்குறையப் பூரணை இரவு. எகிப்தை விட்டுப் புறப்பட்ட மக்கள் நல்ல நிலவு வெளிச்சத்தில் புறப்பட்டார்கள் என்று நாம் எண்ணிக்கொள்ளலாம்.

அந்த மாதத்தின் பழைய பெயர் ஆபிப். பச்சைக் கதிர் என்பது அதன் பொருள். வாற்கோதுமை கதிர் முற்றுகிற காலம் அது. லேவியராகமம் 23இன்படி, அறுப்பின் முதற்கதிர்க்கட்டையும் அந்தப் பண்டிகையை ஒட்டியே ஆசாரியனிடம் கொண்டுவர வேண்டும். அங்கிருந்து ஐம்பது நாள் எண்ணினால் பெந்தெகொஸ்தே.

இங்கேதான் சிக்கல். பன்னிரண்டு சந்திர மாதங்களைக் கூட்டினால் 354 நாள்தான் வரும். சூரிய வருடத்துக்கு 365 நாளும் கால் நாளும். ஒவ்வொரு வருடமும் 11 நாள் குறைகிறது. அப்படியே விட்டால் பஸ்கா பின்னோக்கி நகர்ந்து நகர்ந்து மாரிகாலத்துக்குள் போய்விடும். வயலில் கதிர் இராது. நம் முஸ்லிம் சகோதரிகளுடைய நோன்பு மாதம் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருவது இதனால்தான். அவர்கள் நாட்காட்டியில் மாதம் கூட்டுவதில்லை. எபிரெயர் கூட்டினார்கள். இரண்டு மூன்று வருடங்களுக்கு ஒருமுறை பதின்மூன்றாவது மாதமொன்றைச் சேர்த்தார்கள். இந்துக்களின் சாந்திரமான பஞ்சாங்கத்திலே அதிக மாதம் வருவதும் இதே காரணத்தாலேதான்.

எந்த வருடம் சேர்ப்பது? தல்மூத் என்னும் யூத நூல் மூன்று அடையாளங்களைக் கூறுகிறது: வாற்கோதுமை முற்றிவிட்டதா, மரங்கள் காய்த்துவிட்டனவா, பகலும் இரவும் சமமாகும் வசந்தகாலச் சம இரவு நாள் வந்துவிட்டதா என்பன. வயலையும் வானத்தையும் சேர்த்துப் பார்த்தே தீர்மானம் எடுத்தார்கள்.

மாதப் பிறப்பும் அப்படித்தான். பிறை கண்ட இரண்டு சாட்சிகள் எருசலேமுக்கு வந்து நியாயசபையிலே சொல்ல வேண்டும். அதற்காக ஓய்வுநாளில்கூடப் பிரயாணம் செய்யலாம். வருகிறவர்கள் மறுமுறையும் வரவேண்டும் என்பதற்காக அவர்களுக்குப் பெரிய விருந்தும் வைத்தார்கள் என்று மிஷ்னா என்ற நூல் சொல்கிறது. மாதம் பிறந்தது உறுதியானால் ஒலிவமலையில் தீப்பந்தம் அசைப்பார்கள். அதைக் கண்டு அடுத்த மலையில் அசைப்பார்கள். இப்படியே பாபிலோன் வரை செய்தி போகும். பகைவர்கள் பொய்த் தீ மூட்டிக் குழப்பிய பிறகு தூதுவர்களை அனுப்பினார்கள். தூதுவர் போய்ச்சேர முடியாத தூரத்தில் இருந்தவர்கள் சந்தேகத்தினால் பண்டிகையை இரண்டு நாள் கொண்டாடினார்கள். இஸ்ரவேலுக்கு வெளியே பல யூதர்களிடம் அந்த வழக்கம் இன்றும் இருக்கிறது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த சம்பவத்துக்கு வருகிறேன். பவுல் அப்போஸ்தலனுக்குப் போதித்த கமாலியேலை நீங்கள் அறிவீர்கள். அவருடைய பேரனும் கமாலியேல் என்ற பெயருடையவர். எருசலேம் தேவாலயம் அழிந்த பின் யப்னே என்னும் ஊரிலே சபைக்குத் தலைவராக இருந்தார். ஒருமுறை இரண்டு சாட்சிகள் சொன்ன பிறைக் கணக்கை அவர் ஏற்றுக்கொண்டார். ரபி யோசுவா என்ற பெரிய அறிஞர் அது பிழை என்றார். பிழை என்றால் பாவநிவிர்த்தி நாளே பிழைத்துப் போகும். கமாலியேல் ஆளனுப்பினார். “உம்முடைய கணக்கின்படி எது பாவநிவிர்த்தி நாளோ, அன்றைக்கே உம்முடைய கோலையும் பணப்பையையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வாரும்” என்பது அந்தச் செய்தியின் சாரம். பரிசுத்த நாளிலே பணத்தைத் தொடுவது அவருக்குப் பெரிய குற்றம். மிகவும் மனம் நொந்தார். நண்பர்கள் பேசித் தேற்றினார்கள். கடைசியில் கோலோடும் பணத்தோடும் யப்னேக்கு நடந்தார். அவர் வந்ததைக் கண்ட கமாலியேல் எழுந்து நின்று, அவருடைய தலையிலே முத்தமிட்டு, அறிவிலே நீர் எனக்குக் குரு, சொல்லை ஏற்றுக்கொண்டதிலே எனக்குச் சீடன் என்று வரவேற்றார்.

யோசுவாவின் கணக்குப் பிழை என்று மிஷ்னா சொல்லவில்லை. ஆனால் ஒரு சனத்துக்கு இரண்டு பரிசுத்த நாள் இருக்க முடியாது என்பதற்காக, தன் அறிவை அவர் ஒரு பக்கம் வைத்தார். தலைவரும் வென்றேன் என்று இராமல் எழுந்து நின்றார். இரண்டு பேருடைய பெருமையையும் நாம் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கிறிஸ்தவர்களுக்கும் இந்தச் சோதனை வந்தது. ஆசியா நாட்டுச் சபைகள் கிழமை எதுவாக இருந்தாலும் 14ஆம் நாளையே கைக்கொண்டன. ரோமாபுரியில் ஞாயிறு. கி.பி. 155 அளவில் சிமிர்னாவின் பொலிகார்ப் ரோமுக்குப் போய் அனிசேத்துஸ் ஆயரோடு பேசினார். ஒருவரும் மற்றவரை இணங்கவைக்க முடியவில்லை. ஆனால் சமாதானமாகவே பிரிந்தார்கள். பின்னர் 325இல் நைசியா சங்கம் எல்லாச் சபைகளும் ஒரே ஞாயிற்றில் கொண்டாட வேண்டும் என்று தீர்மானித்தது. காலப்போக்கில் நிலைத்த விதி இது: மார்ச் 21இலோ அதற்குப் பின்போ வருகிற முதற் பூரணைக்கு அடுத்த ஞாயிறு. பூரணை ஞாயிற்றிலேயே வந்தால் அதற்கு அடுத்த ஞாயிறு. ஆகவே மார்ச் 22க்கு முந்தியும் ஏப்ரல் 25க்குப் பிந்தியும் அது வராது.

நமது நாட்டுப் பிள்ளைகளுக்கு இதைக் கண்டுபிடிக்க வானியல் தேவையில்லை. போயா விடுமுறை போட்ட கலண்டர் போதும். 2023இல் ஏப்ரல் 5 புதன்கிழமை போயா. 9ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு. ஆனால் ஒரு எச்சரிக்கை. திருச்சபை கணக்கில் எடுப்பது வானத்துப் பூரணையை அல்ல, 19 வருடச் சுற்றில் அமைந்த அட்டவணைப் பூரணையை. 19 வருடத்தில் 235 சந்திர மாதங்கள் ஏறக்குறையச் சரியாக அடங்கும் என்பதே அந்தச் சுற்றின் அடிப்படை.

ஆளுக்கொரு அட்டவணை இருந்தால் என்ன நடக்கும்? ஏழாம் நூற்றாண்டிலே, இங்கிலாந்தின் நோர்தம்பிரியாவில், அரசர் ஒஸ்வி அயர்லாந்து முறையையும் அரசி ரோம முறையையும் கைக்கொண்டார்கள். அரசர் உயிர்ப்பு விருந்து உண்ணும் நாளில் அரசிக்கு இன்னும் குருத்தோலை ஞாயிறு, உபவாசம் முடியவில்லை. ஒரே வீட்டில் இரண்டு கலண்டர்! 664இல் இதைத் தீர்க்கச் சபை கூடிய இடம் ஹில்டா என்னும் பெண் தலைமை தாங்கிய விற்பி மடம். ஹில்டா அயர்லாந்துப் பக்கம் நின்றவர். தீர்ப்பு ரோமப் பக்கம் போனது. அவர் மடத்தை விட்டுப் போகவில்லை. 680இல் இறக்கும்வரை அதே மடத்தை நடத்தினார். ஒரு சபையை வழிநடத்துகிற பெண்கள் நினைவில் வைக்க வேண்டிய பெயர் அது.

பிரச்சினை முற்றாகத் தீரவில்லை. பழைய யூலியன் வருடம் உண்மை வருடத்தைவிட ஏறக்குறைய 11 நிமிடம் நீளம். அது சேர்ந்து சேர்ந்து சம இரவு நாள் மார்ச் 11க்கு நகர்ந்துவிட, 1582இல் பாப்பரசர் கிரகோரியின் திருத்தத்தால் 10 நாள் நீக்கப்பட்டது. கிழக்குத் திருச்சபைகளில் பெரும்பாலானவை பழைய கணக்கிலேயே நின்றன. 2024இல் நமக்கு உயிர்த்த ஞாயிறு மார்ச் 31. அவர்களுக்கு மே 5. 1997இல் சிரியாவின் அலெப்போவில் கூடிய திருச்சபைப் பிரதிநிதிகள், எருசலேமிலிருந்து வானத்தைப் பார்த்தால் என்ன தெரியுமோ அதையே எல்லோரும் கணக்கிடுவோம் என்று முன்மொழிந்தார்கள். இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. 2025இல், நைசியாவின் 1700ஆம் ஆண்டில், இரண்டு கணக்கும் ஏப்ரல் 20இல் தாமாகவே ஒன்றாக வந்தன.

கடைசியாக, சொல்லாமல் விட முடியாத ஒன்று. 2019இல் சம இரவு வேளை இலங்கை நேரப்படி மார்ச் 21 அதிகாலை வந்தது. அன்று காலையே சந்திரன் பூரணையானது. வானத்தை அப்படியே பின்பற்றியிருந்தால் உயிர்த்த ஞாயிறு மார்ச் 24. அட்டவணை அந்தப் பூரணையை முந்தியதாகக் கணக்கிட்டதால், நமக்கு ஏப்ரல் 21 வந்தது. கொச்சிக்கடையிலும் கட்டுவப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் அன்று நடந்ததை இங்கே விபரிக்கத் தேவையில்லை.

நாள் மாறியிருந்தால் என்று யாரும் மனதை வருத்த வேண்டாம். அந்த நாளைத் தீயவர்கள் தெரிந்தெடுத்தது சந்திரனால் அல்ல. தாயும் பிள்ளையும் பாட்டியுமாக எல்லோரும் ஒன்றுகூடுகிற நாள் என்பதால். அடுத்த வருடம் கொரோனா ஊரடங்கிலே ஆலயக் கதவுகள் மூடியிருந்தன. அப்போதும் அதே நாளை வீட்டில் இருந்தபடி கைக்கொண்டோம். பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும், இதே நாளில் மற்றவர்களும் செபிக்கிறார்கள் என்பது நமக்குப் பலமாக இருந்தது.

பிள்ளைகள் இனி அந்தக் கேள்வியைக் கேட்டால், சந்திரனோடு நிறுத்திவிடாதீர்கள். எல்லோரும் ஒரே நாளில் நிற்க வேண்டும் என்பதற்காகப் பலர் பாடுபட்டார்கள் என்றும், சிலர் தங்கள் கணக்கையே விட்டுக்கொடுத்தார்கள் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். கோலும் கையுமாக நடந்துபோன அந்த ரபியையும் விற்பி மடத்து ஹில்டாவையும் அவர்களுக்கு அறிமுகம் செய்யுங்கள்.