ஒரு ரூபாய் பாக்கெட்டும் ஒரு ரூபாய் சந்தாவும்



பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பூ பாக்கெட்டை இன்று யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆனால் இந்தியாவில் பொருள் விற்கும் முறையையே மாற்றியவற்றில் அதற்கு முன்வரிசையில் இடம் உண்டு. அந்தக் கதையின் பெரும்பகுதி நம்முடைய கடலூரில் நடந்தது.

1970களின் பிற்பகுதி. ஷாம்பூ என்றால் பாட்டில், பாட்டில் என்றால் வசதியானவர் வீடு. மற்ற வீடுகளில் சீயக்காய், அரப்பு, அவசரத்துக்குச் சோப்பு. கூலி வேலைக்குப் போகிறவரும் வாங்கும் விலையில் பொருள் கிடைக்க வேண்டும் என்று நினைத்த கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணன், ஒரு முழுக்குக்கு ஆகிற அளவு ஷாம்பூவைப் பாக்கெட்டில் அடைத்தார். அவருக்குப் பிறகு பிள்ளைகள் அதை 'வெல்வெட்' என்ற பெயரில் வளர்த்தார்கள். அவர்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983-இல் தனியே பிரிந்து வந்து, 15,000 ரூபாய் முதலீட்டில் 'சிக்' ஷாம்பூவைத் தொடங்கினார். பின்னாளில் கெவின்கேர் ஆனது அந்த நிறுவனம்தான்.

சிக் விற்ற விதம் இருக்கிறதே, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். எந்தக் கம்பெனி பாக்கெட்டாக இருந்தாலும் சரி, காலியான ஐந்தைக் கடையில் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார்கள். போட்டிக் கம்பெனியின் காலிப் பாக்கெட்டைப் பொறுக்கிக்கொண்டு பிள்ளைகள் கடைக்கு ஓடினார்கள். கொஞ்ச காலம் போனது. சனங்களுக்குச் சிக் பழகிவிட்டது. பிறகு, சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டுமே இலவசம் என்று மாற்றிவிட்டார்கள்! கிராமம் கிராமமாகப் போய் ஒரு பையனை உட்காரவைத்து, எல்லார் முன்னாலும் தலைக்குத் தேய்த்துக் காட்டினார்கள். மல்லிகை வாசனை, ரோஜா வாசனை என்று கொண்டுவந்தார்கள். 1990களின் இறுதியில் ஐம்பது காசுக்கே பாக்கெட் வந்தது. பெரிய பன்னாட்டு நிறுவனங்களும் இந்தப் பாக்கெட் வழிக்கு வந்து சேர்ந்தன.

இதில் சாமர்த்தியம் இருக்கிறது, கொஞ்சம் தந்திரமும் இருக்கிறது. ஆனாலும் நான் இதை நேர்மையான வியாபாரம் என்றே சொல்வேன். ஒவ்வொரு வாரமும் வாங்குகிறவர்தான் முடிவு செய்கிறார். இந்த வெள்ளிக்கிழமை கையில் காசு இல்லையா, சீயக்காய் போதும். வாசனை பிடிக்கவில்லையா, பக்கத்துச் சரத்தில் வேறொன்று தொங்குகிறது. கம்பெனி தன் வாடிக்கையாளரை வாராவாரம் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும்.

கைபேசி பரவியபோது அதன் கம்பெனிகளும் இந்த வழியில்தான் போயின. பத்து ரூபாய்க்கு டாப்-அப். காய்கறி வண்டிக்காரர் கையிலும் போன் வந்ததற்கு அந்தப் பத்து ரூபாய் ஒரு காரணம். பிறகு மெல்ல மெல்ல அது மாறியது. மாதக் கட்டணம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் 28 நாளுக்கானது. கணக்குப் போட்டுப் பாருங்கள், வருடத்துக்குப் பதின்மூன்று 'மாதம்' வரும். 30 நாள் திட்டம் ஒன்றாவது கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியில் உத்தரவு போட வேண்டியிருந்தது.

இப்போது செயலிகளுக்கு வருவோம். சினிமா பார்க்க, ஜோதிடம் கேட்க, இங்கிலீஷ் பேசிப் பழக, பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தர, எல்லாவற்றுக்கும் ஒரு ஆப். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள்: 'ஒரே ஒரு ரூபாய்!' ஷாம்பூ பாக்கெட் வாங்கிப் பழகிய கை நமக்கு. ஒரு ரூபாய்தானே என்று யூபிஐ ரகசிய எண்ணைத் தட்டிவிடுகிறோம். அந்தத் தட்டலில் போனது ஒரு ரூபாய் மட்டும் அல்ல. சோதனைக் காலம் முடிந்ததும் மாதாமாதம் முழுச் சந்தாவை நம் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள அனுமதியும் சேர்ந்து போயிருக்கும். அந்தத் தொகை திரையின் அடியில், வெளிறிய சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் இருக்கும்.

இதற்கு ஆட்டோபே என்று பெயர். யூபிஐயில் 2020 ஜூலையில் வந்த வசதி. வசதியைக் குறை சொல்ல மாட்டேன். கரண்டு பில், காப்பீட்டுத் தவணை, மாதச் சேமிப்பு ஆகியவை தவறாமல் போய்ச் சேர அது நல்ல ஏற்பாடு. நான் குறை சொல்வது ஒரு ரூபாயைத் தூண்டிலில் மாட்டும் வியாபாரத்தை. ஷாம்பூவை மறந்தால் நஷ்டம் கம்பெனிக்கு. இங்கே மறந்தால் நஷ்டம் நமக்கு. நம் மறதியை நம்பித்தான் கடையே திறந்திருக்கிறார்கள்.

இது சின்னக் கம்பெனிகளின் வேலை என்று நினைக்க வேண்டாம். அமேசானின் பிரைம் சந்தாவில் மக்களை அவர்கள் அறியாமலே சேர்த்தார்கள், விலக நினைத்தவர்களை அலைக்கழித்தார்கள் என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2023-இல் வழக்குப் போட்டது. சந்தாவை நிறுத்தும் வழிக்கு அந்த நிறுவனத்துக்குள் வைத்திருந்த பெயர் 'இலியட்'. ஹோமரின் நீண்ட போர்க் காவியத்தின் பெயர்! தவறை ஒப்புக்கொள்ளாமலே, 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் தர அமேசான் சம்மதித்தது. அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்கு.

நம் நாட்டில் விதி இல்லாமல் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. சேர வைத்துவிட்டு வெளியேற விடாத சந்தாப் பொறி அதில் ஒன்று. கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது, 'இன்னும் இரண்டே நிமிடம்' என்று பொய்யாக அவசரப்படுத்துவது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தகவலும் வருகிறது. கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று கேட்கும் குறுஞ்செய்திக் குவியலுக்கு நடுவில் வருகிறது. யார் கண்ணில் படும்?

பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செயலியைப் போனிலிருந்து நீக்கிவிட்டால் சந்தா நின்றுவிடாது. ஆப் போய்விடும், அனுமதி அப்படியே இருக்கும், பணம் போய்க்கொண்டே இருக்கும். நீங்கள் பணம் அனுப்பப் பயன்படுத்தும் யூபிஐ செயலியில் ஆட்டோபே என்று ஒரு பகுதி இருக்கிறது. யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் அங்கே கிடைக்கும். வேண்டாததை அங்கேயே ரத்து செய்யலாம். அதற்கு அந்தக் கம்பெனியின் தயவு தேவையில்லை.

இன்றைக்கே அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். வீட்டுப் பெரியவர்களின் போனையும் அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பாருங்கள். ஏமாற்றிப் பணம் எடுத்திருந்தால், சின்னத் தொகைதானே என்று விட்டுவிடாமல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் சொல்லுங்கள்.