குறிச்ச தேதிக்கு வராத வலி

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம கூட்டங்களில் பஞ்சமி நிலம் பேசுவோம், வன்கொடுமைச் சட்டம் பேசுவோம், இரட்டை டம்ளர் பேசுவோம். பிரசவத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் முன்வரிசையில் இரண்டு தம்பிகள் டீ குடிக்க எழுந்துவிட்டார்கள். உட்காருங்க தம்பி. இதில் உங்களுக்குத்தான் வேலை அதிகம்.

மாசமா இருக்கிறவளுக்கு டாக்டர் ஒரு தேதி குறித்துக் கொடுக்கிறார். சரியாக அந்தத் தேதியில் பிள்ளை பெறுகிறவர்கள் நூற்றுக்கு நாலைந்து பேர்தான். 37 வாரம் முடிந்ததிலிருந்து 42 வாரம் வரை எப்போது வேண்டுமானாலும் வலி வரலாம். அதற்கு முன்னாலேயும் வரலாம். மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பெண் லீவு போட்டுவிட்டுக் காத்திருப்பாள். கூலிக்காரி அஞ்சு வாரம் வீட்டில் உட்கார்ந்தால் யார் சோறு போடுவது? அதனால்தான் நம்ம பெண்களுக்கு வலி நடவு வயலில் வருகிறது, கரும்பு வெட்டுகிற இடத்தில் வருகிறது, முன்பணம் வாங்கிக்கொண்டு போன செங்கல் சூளையில் வருகிறது. சொந்த ஊர் நர்சம்மாவிடம் பதிவு செய்த அட்டை ஒரு மாவட்டத்தில், ஆள் வேறொரு மாவட்டத்தில்.

ஒரு காலத்தில் கர்ப்பிணிகளை ஆபத்துள்ளவர், ஆபத்தில்லாதவர் என்று இரண்டாகப் பிரித்தார்கள். குள்ளமானவள், தலைப்பிரசவம், நாலைந்து பெற்றவள் என்று பட்டியல் போட்டு அவர்களை மட்டும் கவனித்தால் போதும் என்று உலகம் முழுக்கவே நம்பிக்கொண்டிருந்தார்கள். ஆனால் சிக்கல் வந்தவர்களில் பலர் ஆபத்தில்லாதவர் பட்டியலில் இருந்தவர்கள். 1997-ல் கொழும்பில் பாதுகாப்பான தாய்மை பற்றிய சர்வதேச ஆலோசனைக் கூட்டம் நடந்தபோது, ஒவ்வொரு கர்ப்பமும் ஆபத்தை எதிர்கொள்கிறது என்பதை முக்கியச் செய்தியாகவே வைத்தார்கள். நம்ம பாட்டிமார் பிரசவத்தை மறுபிறவி என்று சொன்னதும் இதைத்தான். அதற்குக் கூட்டம் போடவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கும் அட்டையில் 'ஹை ரிஸ்க்' என்று எழுதுகிறார்கள். எழுதட்டும், எழுதினவளைக் கூடுதலாகக் கவனிக்கட்டும். எழுதாதவளுக்கு ஒன்றும் வராது என்று நாம் தூங்கிவிடக் கூடாது.

ரத்தப்போக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்துவிடும், நஞ்சும் விழுந்துவிடும், வெளியே சாக்லேட் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே கர்ப்பப்பை சுருங்காமல் தொளதொளவென்று நின்றுவிட்டால் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ரத்தம் போகும். யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. தடுக்காமல் விட்டால் இரண்டு மணி நேரத்தில் உயிர் போய்விடலாம். உடம்பில் ரத்தம் இருப்பவள் அரை லிட்டர் போனாலும் தாங்கிவிடுவாள். ஹீமோகுளோபின் ஏழு கிராமோடு போகிறவள் தாங்க மாட்டாள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ரத்தசோகை. எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சினதைச் சாப்பிடுகிறவள் எந்தச் சேரியில், எந்த வீட்டில் இருக்கிறாள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தச் சட்டி நம்ம வீட்டுச் சட்டி. இதில் ஆதிக்க சாதியை மட்டும் கைகாட்டிவிட்டுப் போக முடியாது.

பெண்கள் பிரசவத்தில் சாவதற்கு மூன்று தாமதங்கள் காரணம் என்று 1994-ல் இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். கிளம்பலாமா என்று முடிவெடுக்கத் தாமதம், போய்ச் சேரத் தாமதம், சேர்ந்த பிறகு வைத்தியம் கிடைக்கத் தாமதம்.

முதல் தாமதம் நம்ம வீட்டுக்குள் இருக்கிறது. ராத்திரி இடுப்பு வலிக்கிறது என்கிறாள். மாமியார், "சூட்டு வலியா இருக்கும், சீரகத்தண்ணி குடி" என்கிறார். சூட்டு வலியாகவும் இருக்கலாம். ஆனால் பனிக்குடம் உடைந்துவிட்டால், ரத்தம் பட்டால், தலை பிளக்கிற மாதிரி வலித்துக் கண் மங்கினால், பிள்ளை அசைவது குறைந்தால், கஷாயத்துக்கு நேரமில்லை. கிளம்ப வேண்டியதுதான். புருஷன் வெளியூரில் இருக்கிறான், அவன் வந்து சொல்லட்டும் என்று காத்திருக்கக் கூடாது. புருஷன் இல்லாத நேரத்தில் யார் முடிவெடுப்பது என்பதை ஏழாம் மாதமே பேசி வைக்க வேண்டும். அந்த முடிவு அவளுடையதாக இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது, பாதை. 2008-லிருந்து 108 வண்டி ஓடுகிறது. பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் காலனிக்கு வண்டி வருகிற பாதை பல ஊர்களில் ஊர்த்தெரு வழியாகத்தான் வருகிறது. சாதிச் சண்டை நடந்த ஊரில் ஆம்பளைகள் கைதுக்குப் பயந்து காட்டில் படுத்திருப்பார்கள், தெருவில் போலீஸ் நிற்கும். வலி அதையெல்லாம் பார்த்து ஒத்திப்போகுமா? அதனால் தெருவுக்கு ஒரு மாற்று வண்டி, ஆட்டோவோ மினி லாரியோ, ஓட்டுகிறவர் பெயரோடு முடிவாகியிருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஓடை நிரம்புகிற ஊர் என்றால் ஒன்பதாம் மாதமே அவளை அக்கரையில் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.

மூன்றாவதுதான் இன்று பெரிசு. தமிழ்நாட்டில் வீட்டுப் பிரசவம் அபூர்வமாகிவிட்டது. அதற்குப் பாடுபட்ட கிராம செவிலியர்களை மதிக்கிறேன். ஆனால் நம்ம பெண் இப்போது வீட்டில் சாகவில்லை, ஒரு ஆஸ்பத்திரிக்கும் இன்னொரு ஆஸ்பத்திரிக்கும் நடுவில் சாகிறாள். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தாலுகா, அங்கிருந்து ஜில்லா. அனுப்புகிறபோது சும்மா ஏறிவிடாதீர்கள். எதற்காக அனுப்புகிறீர்கள், என்ன ஊசி போட்டீர்கள், போகிற இடத்தில் டாக்டரும் ரத்தமும் இருக்கிறதா என்று கேளுங்கள். போன் பண்ணிச் சொல்லிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

பிரசவ அறைக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பெண்கள் வெளியே சொல்வதில்லை. "எந்தத் தெரு? காலனியா?" என்று ஒரு கேள்வி. கத்தினால், "படுக்கும்போது இனிச்சுதா?" என்று இன்னொரு கேள்வி. தொடையில் அடி. எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் இதைச் சொல்லியிருக்கிறார்கள், சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். முன்பு சேரியில் பிரசவம் பார்த்த கிழவி வலி தாங்காமல் கத்துகிறவளை மடியில் சாய்த்துக்கொள்வாள். ரத்தப்போக்கை நிறுத்த அவளிடம் மருந்து இல்லை, உண்மைதான். ஆனால் ஆஸ்பத்திரி அவளிடம் கத்துக்கொள்ள ஒன்று இருந்தது. துணைக்கு ஒரு பெண்ணைப் பிரசவ அறைக்குள் அனுமதிப்பது என்று மத்திய அரசு 2016-ல் முடிவெடுத்தது. கூட ஒரு பெண் நின்றால் கை ஓங்குவது குறையும், ரத்தம் அதிகமாகப் போனால் கூப்பிட ஒரு குரல் இருக்கும். வெளியே தள்ளினால், விதியைச் சொல்லி நில்லுங்கள்.

பாபாசாகேப் 1928-ல் பம்பாய் சட்டசபையில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். பேறுகால ஓய்வு தேசத்தின் நலன், செலவில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும் என்பது அவருடைய வாதம். 1961-ல் பேறுகாலப் பயன் சட்டம் வந்தது, 2017-ல் விடுப்பு 26 வாரமானது. வயலில் கூலிக்குப் போகிறவள் அந்தச் சட்டத்துக்குள்ளேயே வரவில்லை. அவளுக்கு முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான உதவித்தொகைதான், அதுவும் இரண்டு பிரசவத்துக்கு, தவணை தவணையாக. சூளைக்குப் போய்விட்டால் அந்தத் தவணையை வாங்க எத்தனை நடை! இதற்கான போராட்டத்தைத் தனியாகப் பேசுவோம்.

இப்போது தம்பிகளுக்கு. அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிக்கு ரத்தம் இலவசம் என்று 2011-லேயே திட்டம் வந்துவிட்டது. ஆனால் நடுராத்திரியில் அவளுடைய பிரிவு ரத்தம் கையிருப்பில் இல்லை என்றால் இலவசத்தை வைத்து என்ன செய்வது? ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கலாம். 18 வயது ஆகியிருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். நெகட்டிவ் பிரிவுக்காரர்கள் கிடைப்பது கஷ்டம், உங்களைத்தான் முதலில் தேடுவோம்.

பின்வரிசையிலிருந்து ஒரு நோட்டு வருகிறது. பெயர், ஊர், ரத்தப் பிரிவு, போன் நம்பர், கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி. பிரிவு தெரியாதவர்கள் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள், நாளைக்குப் பார்த்துவிட்டு வந்து எழுதலாம். வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் பெயருக்குப் பக்கத்தில் அதையும் போடுங்கள்.