ஐஸ் தண்ணீரில் ஒரு நிமிடம்
(தருமபுரியில் கல்லூரி மாணவர்களிடையே உடலியங்கியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பி.பி. என்றாலே தாத்தா பாட்டிக்கு வருவது என்றுதானே நினைக்கிறோம்? சீருடைப் பணிக்கு ஆள் எடுக்கும்போது, ஓட்டத்தில் முதலாவதாக வந்த பையனுக்கு மருத்துவப் பரிசோதனையில் பி.பி. அதிகம் என்று வரும். "எனக்கு ஒண்ணும் செய்யலையே சார்" என்பான். ஒண்ணும் செய்யாதுங்க. அதுதான் இதன் குணம்.

ஓய்வில் 120/80-க்குக் கீழே இருந்தால் நல்லது. வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேலேயே இருந்தால் உயர் ரத்த அழுத்தம். ஆனால் ஓய்வில் எடுக்கும் அளவு மட்டும் முழுக்கதையையும் சொல்லாது. சமதளத்தில் எல்லா லாரியும் நன்றாகத்தான் ஓடும். தொப்பூர் கணவாயில் இறங்கும்போதுதான் பிரேக்கின் நிலை தெரியும், இல்லையா? உடம்புக்கும் அப்படி ஒரு கணவாய் வைத்துப் பார்ப்பதுதான் இந்தச் சோதனைகள்.

முதலாவது, குளிர்நீர்ச் சோதனை. கையை மணிக்கட்டு வரை ஐஸ் தண்ணீரில் ஒரு நிமிடம் வைப்போம். குளிரும் வலியும் நரம்புகளைத் தூண்டும், ரத்தக்குழாய்கள் சுருங்கும், அழுத்தம் ஏறும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹைன்ஸ், பிரவுன் என்ற மருத்துவர்கள் 1930-களில் இதைப் பரவலாக்கினார்கள். இரண்டாவது, கைப்பிடிச் சோதனை. முழு பலத்தில் சுமார் 30 சதவீதத்தில் ஒரு கருவியைச் சில நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். மூன்றாவது, படி ஏறி இறங்குவது அல்லது டிரெட்மில்லில் நடப்பது.

அழுத்தம் எல்லோருக்கும் ஏறத்தான் செய்யும். எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதுதான் கேள்வி.

இதில் என்ன பயன்? அமெரிக்காவின் நான்கு நகரங்களில் 18 முதல் 30 வயதுள்ள 5,115 பேரோடு 1985-86-ல் 'கார்டியா' என்ற ஆய்வு தொடங்கியது. அவர்களில் பலருக்கு ஐஸ் தண்ணீர், வீடியோ கேம், கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைவது என மூன்று சோதனைகள் வைத்து, 13 ஆண்டுகள் கவனித்தார்கள். யாருக்கு அழுத்தம் அதிகமாக ஏறியதோ, அவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம் சீக்கிரமாக வந்தது.

அதற்காகப் பயந்துவிட வேண்டாம். ஏறியவர்கள் எல்லோருக்கும் நோய் வரும் என்று அர்த்தமில்லை. இதை வைத்து மருத்துவர் மாத்திரை எழுத மாட்டார். இவை ஆய்வுக்கூடச் சோதனைகள். வீட்டில் வாளியில் ஐஸ் போட்டு யாரும் முயற்சி செய்யாதீங்க.

நீங்கள் செய்ய வேண்டியது இதைவிடச் சுலபம். அளந்து பாருங்கள். அப்பா அம்மாவுக்கு பி.பி. இருந்தால் கட்டாயம் பாருங்கள். பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதுதான் 'மக்களைத் தேடி மருத்துவம்'. அதன் பணியாளர் அம்மாவுக்கு அளக்க வீட்டுக்கு வரும்போது, "அக்கா, எனக்கும் பாருங்க" என்று கேளுங்கள். இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணம் கிடையாது. சந்தேகம் இருந்தால் 104-க்குக் கூப்பிடலாம்.

அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பு காபி, டீ, சிகரெட் வேண்டாம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்துவிட்டுக் கையை நீட்டுங்கள். உப்பு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கட்டும்; ஊறுகாயும் கருவாடும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

கணவாய் வரும் முன்பே பிரேக்கைப் பார்த்துக்கொள்வது நல்லதுங்க.